வண்டலூர் காரும் 402 மீட்டரும்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு நோக்கிப் போகும்போது, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே மென்பொருள் வளாகமும் அடுக்குமாடிக் கோபுரங்களும் எழுந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் அந்த நிலத்தில் கார் செய்தார்கள். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் கைகோத்து 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் தொழிற்சாலை அது. வேன்கார்டும் ஸ்டாண்டர்ட் டென்னும் அங்கே உருவாயின. 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வந்தது. அம்பாசடரும் ஃபியட்டும் ஆண்ட சாலைகளில், கூரான பின்புற வரிகளும் முன்னோக்கித் திறக்கும் பானெட்டுமாக ஓடிய அந்தச் சின்னக் காரை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பழைய காரைப் புதுப்பித்து, அதை டிராக் ரேஸுக்கு மாற்றுவது அமெரிக்கர்களின் பெருங்காதல். அவர்களிடம் அதற்கென்றே பிறந்த வண்டிகள் உண்டு. 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வில் 6.4 லிட்டர் வி-8 எஞ்சின்; விளம்பரத்தில் சொன்ன திறன் 325 குதிரை. ஹெரால்டில் 948 சி.சி., சுமார் 35 குதிரை. இந்த இரண்டையும் ஒரே கட்டுரையில் வைப்பது பொருந்தாத சம்பந்தமாகத் தெரியலாம். ஆனால் டிராக் ரேஸ் என்பது இயற்பியலுக்கு வைக்கும் ஒரு கேள்வி: நின்ற இடத்திலிருந்து கால் மைலை, அதாவது 402 மீட்டரை, எத்தனை நொடியில் கடக்கலாம்? கேள்வி எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். சின்ன வண்டியை வைத்துப் பார்த்தால் பதில் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது என் கருத்து. அதுவும் ஹெரால்டை வைத்துப் பார்த்தால்.

ஏன் ஹெரால்டு? அதன் பிறப்பிலேயே ஒரு நெருக்கடி இருக்கிறது. 1950-களில் உலகக் கார்கள் சேஸிஸ் தனி, உடல் தனி என்ற முறையை விட்டு, முழு உடலையும் ஒரே கூடாகச் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டுக்கு உடல் செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் அழுத்தித் தர ஆளில்லை. ஆகவே பழைய முறைக்கே திரும்பினார்கள். தனிச் சேஸிஸ் ஒன்று. அதன்மேல் வெவ்வேறு பட்டறைகளில் செய்த உடல் துண்டுகள். எல்லாவற்றையும் இணைக்கப் போல்ட். வடிவத்தை இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தார். காலத்துக்குப் பிந்திய அந்த ஏற்பாடுதான் இன்றைய மெக்கானிக்குக் கிடைத்த வரம். பானெட்டைத் தூக்கினால் முன் சக்கரங்கள் வரை எல்லாம் வெளியே தெரியும். எஞ்சின் பக்கத்தில் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். கூரையைக் கழற்றலாம், பின்பகுதியைக் கழற்றலாம். வெல்டிங் வைக்காமலே ஒரு காரை அக்கு அக்காகப் பிரித்து மறுபடி பூட்டலாம்.

வண்டலூருக்கும் அமெரிக்க வி-8-க்கும் இன்னொரு விசித்திரமான உறவும் உண்டு. 1985-இல் அந்தத் தொழிற்சாலை ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரை வெளியிட்டது. அது பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.-1-இன் உடல். அங்கே 1976-இல் வெளிவந்தபோது அந்த உடலுக்குள் இருந்தது 3.5 லிட்டர் அலுமினிய வி-8; அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் வடிவமைத்து, பிறகு ரோவருக்குக் கைமாற்றிய எஞ்சின். திறன் 155 குதிரை. வண்டலூரில் அதே உடலுக்குள் வைத்தது பழைய வேன்கார்டு வழிவந்த 1991 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். சுமார் 83 குதிரை. விலை அதிகம், வேகம் குறைவு, பெட்ரோல் செலவும் கூடுதல் என்று பெயரெடுத்து, 1988-இல் அது நின்றுபோனது. ஆக, டெட்ராய்ட் எஞ்சினுக்கென்று இடம் வைத்த ஓர் உடலைச் செங்கல்பட்டு மண்ணில் செய்திருக்கிறோம்.

டிராக் ரேஸும் நம் மோட்டார் பந்தயமும் ஒரே வகை நிலத்தில்தான் வேர்விட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கலிஃபோர்னியாவில் ஆள் அரவமற்றுக் கிடந்த விமான ஓடுதளங்களில் இளைஞர்கள் தங்கள் கார்களை இழுத்துப் பார்த்தார்கள். 1950-இல் சாண்டா ஆனா விமானதளத்தில் கட்டணம் வாங்கி நடத்தும் டிராக் பந்தயம் தொடங்கியது. அடுத்த ஆண்டு வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். இங்கே, போர்க்காலத்தில் போட்ட சோழவரம் ஓடுதளத்தில், 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. சோழவரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். 1997-இல்தான் திருவள்ளூர் தனியாகப் பிரிந்தது. கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துக் கட்டிய ஃபார்முலா மாருதி 1988-இல் ஓடியதும் அந்த ஓடுதளத்தில்தான். 1990-இல் கிளப் இருங்காட்டுக்கோட்டைக்குச் சொந்தத் தடத்தோடு போனது. அங்கே அண்மை ஆண்டுகளில் தேசிய மோட்டார்சைக்கிள் டிராக் போட்டிகளே நடக்கின்றன.

இனி கேள்விக்கு வருவோம். எஞ்சின் முழுத் திறனில் ஒரே சீராக இழுக்கிறது, டயர் சறுக்கவே இல்லை, காற்று தடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் தரும் ஆற்றலெல்லாம் வண்டியின் இயக்க ஆற்றலாகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், வண்டி ஓட ஓட அதே திறனுக்குக் கிடைக்கும் வேக உயர்வு சுருங்கிக்கொண்டே போகும். கணக்கை முடித்தால் விடை அழகாக வருகிறது: 402 மீட்டருக்கு ஆகும் நேரம், எடையைத் திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்துக்கு ஏற்ப இருக்கும். அமெரிக்கப் பந்தயக்காரர்கள் நிஜ வண்டிகளை ஓட்டி அளந்து கண்ட கைவாய்ப்பாடும் இதே கனமூலத்தில்தான் வந்து நிற்கிறது. கிலோவில் எடை, குதிரையில் திறன். வகுத்து, கனமூலம் எடுத்து, சுமார் 7.6-ஆல் பெருக்கினால் நொடிகள் கிடைக்கும்.

ஓட்டுநரோடு 870 கிலோ ஹெரால்டுக்கு இந்த வாய்ப்பாடு சொல்வது 22 நொடி. எஞ்சினைத் தட்டிக்கொட்டித் திறனை இரட்டிப்பாக்கி 70 குதிரை ஆக்கினால் நேரம் பாதியாகுமா? ஆகாது. இரண்டின் கனமூலம் 1.26, நேரம் பதினேழரை நொடிக்கு இறங்கும், அவ்வளவுதான். நேரத்தைப் பாதியாக்க வேண்டுமென்றால் எட்டு மடங்கு திறன் வேண்டும், 280 குதிரை. ஸ்டாண்டர்ட் 2000-க்குள் அந்த வி-8-ஐ அப்படியே வைத்திருந்தாலும், எடை ஏறக்குறைய ஒன்றென்று கொண்டால், 402 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே குறைந்திருக்கும். குதிரைகளைக் கூட்டிக்கொண்டே போவது எவ்வளவு செலவான வழி என்பதை இந்தக் கனமூலம் ஈவிரக்கமில்லாமல் காட்டுகிறது. எடைக்கும் இதே கனமூலம்தான் என்றாலும், எடையைக் குறைக்க லேத் பட்டறை தேவையில்லை. பின் இருக்கை, ஸ்டெப்னி, உள் அலங்காரம் எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் போய்விடும். எடை குறைந்ததால் எந்தக் கியரும் உடையாது.

வாய்ப்பாடு ஒன்றை மறைக்கிறது. அதே 870 கிலோ, 35 குதிரைக்கு, டயர் சறுக்காத தூய கணக்கில் வர வேண்டிய நேரம் 18 நொடி. நிஜத்துக்கும் கணக்குக்கும் நடுவே நான்கு நொடி எங்கே போனது? கியர் மாற்றும்போது கொஞ்சம், கியர்பெட்டியின் உராய்வில் கொஞ்சம், எஞ்சின் தன் உச்சத் திறனுக்குக் கீழே சுழலும் நேரங்களில் கொஞ்சம், காற்றுத் தடையில் கொஞ்சம். மிச்சம் தொலைவது புறப்படும் இடத்தில். பூஜ்ய வேகத்தில் திறனை முழுதாகத் தரைக்குக் கடத்த வேண்டுமென்றால் எல்லையில்லாத விசை வேண்டும். அந்த விசையைத் தாங்க வேண்டியது டயர். டயருக்கோ எல்லை உண்டு. 35 குதிரை ஹெரால்டிலேயே, மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே வேகத்தைத் தீர்மானிப்பது எஞ்சினின் திறனல்ல, பின் டயர்களின் பிடிமானம்தான். திறனை இரட்டித்தால் அந்த எல்லை 50-ஐ நெருங்கும். பிடிமானத்தைக் கூட்டாமல் எஞ்சினைக் கூட்டியவர் ரப்பரைப் புகையாக்கிக்கொண்டு நிற்பார்.

பந்தயக்காரர்கள் முதல் 60 அடியை, அதாவது 18 மீட்டரை, தனியாக அளப்பதற்குக் காரணம் இதுதான். மொத்தத் தூரத்தில் அது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. நேரத்திலோ எட்டில் ஒரு பங்கைத் தின்கிறது. அங்கே பத்தில் ஒரு நொடி மிச்சம் பிடித்தால், கடைக்கோட்டில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும் என்பது அவர்களின் அனுபவக் கணக்கு.

டயரின் பிடிமானத்தைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. உராய்வுக் கெழு ஒன்றைத் தாண்டாது, ஆகவே எந்தச் சக்கர வண்டியும் புவியீர்ப்பு முடுக்கத்தை மிஞ்ச முடியாது என்பது. அது உண்மையானால் 402 மீட்டருக்கு 9 நொடிதான் இறுதி எல்லை. டிராக் ரேஸ்காரர்கள் அதை உடைத்தெறிந்தார்கள். ரப்பர் பள்ளிப் பாடத்து மரக்கட்டை அல்ல. சூடேறிய மென்ரப்பர் தரையின் நுண்மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பற்றுகிறது. அதன் மூலக்கூறுகள் தரையோடு ஒட்டிப் பிய்கின்றன. புறப்படும் முன் சக்கரத்தை நின்ற இடத்தில் சுழற்றிப் புகை கிளப்புவது கூட்டத்துக்குக் காட்டும் வேடிக்கை அல்ல. ரப்பரைச் சூடாக்கி மேல்தோலை உரிக்கும் வேலை. தடத்தில் முன் ஓடிய வண்டிகள் படியவிட்ட ரப்பர்மேல் இந்தச் சூடான ரப்பர் இன்னும் நன்றாக ஒட்டும். வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயரில் காற்றைக் குறைத்துப் போடுவதால், புறப்படும் கணத்தில் அதன் பக்கச்சுவர் துணிபோல் மடிந்து அதிர்ச்சியை வாங்கி, சற்றுக் கழித்துத் திருப்பித் தருகிறது. இன்று உச்சப் பிரிவு வண்டிகள் நைட்ரோமீத்தேனை எரித்து ஆயிரம் அடியை நான்கு நொடிக்குள் கடக்கின்றன. அதன் சராசரி முடுக்கமே புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு.

இந்த இடத்தில் ஹெரால்டுக்கு ஒரு நல்ல குணமும் ஒரு கெட்ட குணமும் உண்டு. நல்லது, அது பின் சக்கரங்களால் உந்தப்படும் வண்டி. புறப்படும்போது வண்டியின் எடை பின்னுக்குச் சாய்கிறது. எடை முன்னும் பின்னும் சரிபாதி, ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம், உராய்வுக் கெழு 0.8 என்று வைத்து, ஹெரால்டின் 2.32 மீட்டர் சக்கர இடைவெளிக்குக் கணக்கிட்டால், பின் சக்கர உந்துதலில் புவியீர்ப்பில் 48 சதவீத முடுக்கம் வரை கிடைக்கும். அதே அளவில் முன் சக்கர உந்துதல் வண்டிக்கு 34 சதவீதம்தான். எஞ்சினைத் தொடாமலே கிடைக்கும் ஆதாயம் இது.

கெட்டது, அதன் ஸ்விங் ஆக்சில். ஒவ்வொரு பின் சக்கரமும் டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மூட்டைச் சுற்றி வில்போல் மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்கே ஒரு கமான் பட்டை. வண்டி பின்னால் அமுங்கும்போது இரு சக்கரங்களின் தலையும் உள்நோக்கிச் சாயும். டயர் முழு அகலமும் தரையில் படியாமல் உள் விளிம்பில் நிற்கும். பிடிமானம் மிக அதிகமாகத் தேவைப்படும் அதே கணத்தில் தொடுபரப்பு குறைகிறது. சின்ன எஞ்சினுக்காகச் செய்த டிஃபரன்ஷியலும் பின் அச்சுத் தண்டுகளும் இந்த வகை வண்டியில் பலவீனமானவை என்பதும் மெக்கானிக்குகள் அறிந்ததே. நல்ல டயர் போட்டால் சறுக்கல் நிற்கும்; அதுவரை சறுக்கலில் கரைந்துகொண்டிருந்த முறுக்கம் அப்படியே தண்டின் தலையில் விடியும்.

நம்மூர்ச் சாலைக்கும் நம்மூர் மெக்கானிக்குக்கும் ஸ்விங் ஆக்சில் பிடிக்கவில்லை. வண்டலூர்ப் பொறியாளர்கள் 1970-களில் ஹெரால்டிலிருந்து கெஸல் என்ற காரை உருவாக்கியபோது பின்னால் ஒரே திடமான ஆக்சிலைப் போட்டார்கள். குண்டும் குழியுமான சாலையை மனதில் வைத்துச் செய்த மாற்றம் அது. ஆனால் ஜி.டி.ஓ. போன்ற அமெரிக்க மஸில் கார்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் இருப்பதும் இதே திட ஆக்சில்தான். வண்டி எவ்வளவு அமுங்கினாலும் இரு டயர்களும் நிமிர்ந்தே நிற்கும். அதற்கும் ஒரு குறை உண்டு: ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் முறுக்கம் ஆக்சிலையே திருகி வலப்பக்க டயரைத் தூக்கப் பார்க்கும். கிரைஸ்லர் அதற்காகவே தன் பந்தயக் கார்களின் வலப்பக்கக் கமான் பட்டையை விறைப்பாகச் செய்தது. நம் லாரிப் பட்டறையில் பட்டை கட்டுகிறவருக்கு இந்த வேலை புதிதல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் இரும்பு திடமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், கல்பாக்கம் வரையிலான கரையோரம் பல ஆண்டுகள் நின்ற ஒரு ஹெரால்டில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகளாக உள்ளே வருகின்றன. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் தானாக நீர்த்துவிடும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்கும் நேரம் மிக அரிது. ஆகவே தகட்டின்மேல் உப்புப் படிந்துவிட்டால், மழையே பெய்யாவிட்டாலும் அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இரவும் பகலும் நிற்கிறது. அந்தப் படலம் மின்பகுளி. இரும்பு ஓரிடத்தில் எலெக்ட்ரானை இழக்க, இன்னோரிடத்தில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்ள, தகடு கரைகிறது. குளோரைடு இந்த வேலையில் செலவாவதில்லை; அதே அயனி திரும்பத் திரும்பக் குழி தோண்டும். துருவோ இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைத்துக்கொண்டு, இணைப்புகளை உள்ளிருந்தே பிளக்கும்.

மாமல்லபுரத்தில் இதே எதிரியோடு ஆயிரத்து முந்நூறு ஆண்டாகப் போராடும் ஒன்று இருக்கிறது. கடற்கரைக் கோயிலின் கருங்கல்லில் ஏறும் உப்பை, தொல்லியல் துறை காகிதக்கூழைக் கல்லின்மேல் அப்பி எடுக்கிறது. ஈரக் கூழ் காயும்போது கல்லின் உள்ளிருக்கும் உப்பு கரைந்து கூழுக்கு வந்துவிடும். கூழை உரித்தால் உப்பும் போகும். கோயிலைச் சுற்றி நட்ட சவுக்குத் தோப்பும் உப்புக்காற்றைத் தடுக்கத்தான். கார் புதுப்பிக்கிறவர்களும் இந்த வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பேன்: முதலில் உப்பை வெளியேற்று, பிறகு பூசு. நம் டிங்கரிங் பட்டறைகளில் அடிக்கடி நடப்பது நேர்மாறு. துருவைத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். குழிகளுக்குள் ஒளிந்த குளோரைடு பெயின்டுக்கு அடியில் தன் வேலையைத் தொடர, மறு வருடமே கொப்புளம் கிளம்பும்.

சேஸிஸைப் பிரித்து எடுக்க முடிகிற ஹெரால்டில் இதைச் சரியாகச் செய்ய வழியுண்டு. சிறிய பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த தொட்டியில் மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பாகத்திலும் நேர்முனையைப் பழைய இரும்புத் தகட்டிலும் கொடுத்தால், துரு இளகி உதிரும்; குளோரைடு அயனிகள் நேர்முனைத் தகட்டை நோக்கி வெளியேறும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில், தீப்பொறி எட்டாத இடத்தில் செய்ய வேண்டும். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் கரையும். கமான் பட்டை, உறுதியேற்றிய போல்ட் போன்றவற்றை இந்தத் தொட்டியில் போடாதீர்கள். ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து நொறுங்கவைக்கும். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் பெட்டிக் கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, சத்தம் மந்தமாக வரும் இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும். புறப்படும் விசையெல்லாம் கடைசியில் வந்து சேர்வது இந்தச் சேஸிஸில்தான்.

எஞ்சினுக்குள் இரண்டு காலமாற்றங்களைக் கவனிக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுதும் நின்றது. ஈயம் வால்வு இருக்கையின்மேல் படிந்து அதைக் காத்துவந்தது. இப்போது கடினமான புது இருக்கை வளையங்களைப் பதிக்காவிட்டால், பந்தயச் சூட்டில் வால்வு ஹெட்டுக்குள் அமிழும். அடுத்தது, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர்க் குழாய்களை ஊறவைத்து உப்பவைக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து டேங்கில் துருவேற்றும். குழாய்களை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் எத்தனாலுக்குத் தட்டல் எதிர்ப்பு அதிகம். ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கவும் செய்யும். ஹெட்டைச் செதுக்கி அமுக்க விகிதத்தை 7-லிருந்து 10-க்கு உயர்த்தினால் வெப்பவியல் கணக்கில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் ஆதாயம். அந்த உயர்வைத் தாங்கும் எரிபொருள் இப்போது சாதாரணப் பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கிறது. கார்புரேட்டரின் ஜெட்டை மட்டும் பெரிதாக்க வேண்டும்.

காற்றும் ஓர் எரிபொருள்தான். மே மாத நடுப்பகலில் 35 டிகிரி வெயிலும் கடலோரப் புழுக்கமும் சேரும்போது, ஒரு கனமீட்டரில் இருக்கும் உலர்காற்று சுமார் 1.10 கிலோ. நீராவி காற்றைவிட லேசானது. அது அடைத்துக்கொள்ளும் இடத்தில் ஆக்சிஜன் இல்லை. டிசம்பர் விடியலில், 22 டிகிரியில், அதுவே 1.17 கிலோ. ஆறு சதவீத வித்தியாசம். 35 குதிரையில் இரண்டு குதிரை. இருந்தும், 900 மீட்டர் உயரத்தில் நிற்கும் பெங்களூரின் இதமான 25 டிகிரிக் காற்றைவிட நம் மே மாதக் காற்றே அடர்த்தி கூடியது. சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும் கடல் மட்டத்தை ஒட்டி இருப்பது எஞ்சினுக்கு ஒரு கொடை.

ஓட்டுவது எங்கே என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் நடக்கும் பந்தயங்கள் உயிர்களைக் குடித்திருக்கின்றன. பொதுச்சாலையில் அனுமதியில்லாப் பந்தயத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. தயாரிப்பு விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. டிராக்குக்கு மாற்றிய வண்டி டிரெய்லரில் ஏறித்தான் தடத்துக்குப் போக வேண்டும். 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது வயது கடந்த கார்களுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் தருகிறார்கள். சேஸிஸையோ உடலையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றிய வண்டிக்கு அது கிடையாது. எல்லா ஹெரால்டும் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. முழுமையாகக் கிடைக்கும் ஹெரால்டை வெட்டாதீர்கள். உப்பெடுத்து, போல்ட் மாற்றி, வி.ஏ. பதிவுக்குக் கொண்டுபோங்கள். பந்தயத்துக்கு, உடல் பாதி போய் ஆக்சில் நன்றாக இருக்கும் கெஸல் ஒன்றைத் தேடுங்கள். காலம் தின்ற தகடுகளால் எடை ஏற்கெனவே குறைந்திருக்கும். சேஸிஸுக்கு உயிர் கொடுத்து, கூண்டுக் கம்பி பற்றவைத்து, வலப்பக்கப் பட்டையில் ஓர் இலை கூட்டி, பின்னால் மென்ரப்பர் டயர் போட்டு, டிசம்பர் காலையில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஏற்றுங்கள். முதல் ஓட்டத்தில் மொத்த நேரத்தைப் பார்க்க வேண்டாம். 60 அடிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, மறுபடி ஓட்டுங்கள்.